அடியில் ஓடும் குரல்

சத்யபாமாவைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், ஒன்பது வருடமாக அவளுடைய துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசியவன் என்றுதான் சொல்ல வேண்டும். தப்பாக நினைக்க வேண்டாம். அவள் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும் விளம்பரப் படம் எடுப்பவள். அந்தப் படங்களில் தமிழ் தேவைப்பட்டால் குரல் கொடுப்பவன் நான். என் பெயர் முரளிதரன். ரங்கூனில் போட்டாதாங் பக்கம், ஐம்பத்திரண்டாவது தெருவில் நாலாவது மாடியில் அவள் வீடு. ஒலிப்பதிவுக்கென்று தனி அறை கட்ட அங்கே இடமில்லை. அலமாரிக் கதவைத் திறந்து, தொங்குகிற சேலைகளுக்கும் பர்மியப் பாவாடைகளுக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போடுவாள். மைக் ஒரு ஹேங்கரில் தொங்கும். அவ்வளவு துணி சுற்றி இருந்தால் எதிரொலி வராது. நாப்தலின் உருண்டை வாசனையில் நான் எத்தனையோ கம்பெனிகளை வாயாரப் புகழ்ந்திருக்கிறேன்.

பதிவு செய்ய நேரம் குறிப்பது நாங்கள் இல்லை, கரண்ட். கரண்ட் போனால் தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒன்று. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கும். உடனே எனக்குப் போன் வரும். "அண்ணே, வந்துடுச்சு. ஓடி வாங்க" என்பாள். நான் ஸ்டிராண்ட் ரோட்டில் சரக்கு அனுப்பும் ஓர் ஆபீசில் பில் தட்டுகிற வேலையில் இருக்கிறேன். மானேஜரிடம் பல் வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். ஒன்பது வருடமாக வலிக்கிற பல்லை ஏன் இன்னும் பிடுங்கவில்லை என்று அவர் கேட்டதில்லை. நல்ல மனுஷர்.

பாமாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அப்பா முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் இருந்த தமிழர். அம்மா பர்மியப் பெண். பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் அவள் பெயர் தண்டா. கோயிலிலும் எங்கள் வாயிலும் சத்யபாமா. பதினெட்டு வயதில் கல்யாண வீடியோக்காரர் ஒருவருக்கு விளக்குப் பிடிக்கப் போனாள். பத்து வருடம் பிடித்தாள். பிறகு சொந்தமாகக் கேமரா வாங்கினாள். நீ எப்போது கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய் என்று யாராவது கேட்டால், "ஆயிரம் கல்யாணம் பக்கத்துல நின்னு பாத்துட்டேன், போதும்" என்பாள். கொரோனா வந்த வருடங்களில் கல்யாணங்கள் சுருங்கிப் போயின. நடுவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் கடைக்காரர்களுக்குப் பேஸ்புக்கில் படம் போட வேண்டியிருந்தது. பீரோக் கடை, சேமியா ஆலை, கண் ஆஸ்பத்திரி, அரிசி வியாபாரிகள் சங்கம், ரத்த தானக் குழு என்று ஒவ்வொன்றாக அவளைத் தேடி வந்தன.

அவளிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 'சிறந்த சேவை', 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்றெல்லாம் யாராவது கேமரா முன்னால் ஆரம்பித்தால் அவள் கேமராவை நிறுத்திவிடுவாள். நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "இந்த வேலைக்கு வந்த மொத நாள், மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" அவ்வளவுதான். விறைத்துப் போயிருந்த முகம் இளகிவிடும். லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில், முதலாளி எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் இதைக் கேட்டாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஒன்றும் சாப்பிடவில்லை, கேன்டீன் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது" என்றாள். முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் படத்தில் பாமா அதை வைத்தாள். மறுநாளிலிருந்து புதிதாக வருபவர்களைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போக ஆள் போட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. படத்தில் பேசிய ஒவ்வொருவருக்கும், அவரவர் பேசிய துண்டை முதலில் அனுப்பிக் காட்டுவாள். "உங்க மொகம், உங்க வாய். பாத்துட்டு சொல்லுங்க" என்பாள். "யாபாதே" என்று பதில் வந்தால்தான், அதாவது சரி என்றால்தான், அந்தத் துண்டு படத்தில் இருக்கும். வேண்டாம் என்றால் வெட்டிவிடுவாள். காரணம் கேட்க மாட்டாள். இந்தக் காலத்தில் தன் முகம் வெளியே தெரிய வேண்டாம் என்கிறவனிடம் காரணம் கேட்பது நாகரிகம் இல்லை.

இனி என் பங்கு. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பேசினாலும் நாலு வார்த்தைக்கு மேல் பர்மியத்தில் இறங்கிவிடுவார்கள். பெரியவர்களுக்குப் பர்மியம் நன்றாகவே தெரியும், ஆனால் நம் சங்கத்துப் படம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான். திரையில் பையன் பர்மியத்தில் பேச ஆரம்பிப்பான். முதல் ஒன்றிரண்டு வார்த்தை தெளிவாகக் கேட்கும். பிறகு அவன் குரலை இறக்கிவிட்டு, மேலே என் தமிழை ஏற்றுவாள். அவன் குரல் அடியில் லேசாக ஓடிக்கொண்டே இருக்கும். தமிழ் வசனத்தை அவளே எழுதுவாள். அவன் வாய் அசைகிற நேரத்துக்குள் என் பேச்சு முடிய வேண்டும், முந்தியும் முடியக் கூடாது. சில இடத்தில் அவன் சும்மா இருப்பான். அந்த வெற்றிடத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்புவாள். விளம்பரப் படத்தில் மௌனத்துக்கு இடம் கிடையாது, பார்க்கிறவன் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான் என்பது அவள் தொழிலில் கற்றுக்கொண்டது.

போன வருடம் தீபாவளி கழிந்து எங்கள் பகுதியின் இறுதி உதவிச் சங்கம் அவளைக் கூப்பிட்டது. சங்கம் என்று ரப்பர் ஸ்டாம்பில் இருக்கிறதே தவிர, வாயில் வருவது பர்மிய வார்த்தையான 'அதின்'தான். முந்நூறு சொச்சம் குடும்பங்கள் அதில் உறுப்பினர்கள். ஒரு வீட்டில் சாவு என்றால் வண்டி, பந்தல், நாற்காலி எல்லாம் அதின் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தோள் கொடுக்கும். அந்தத் தோளுக்குத்தான் பஞ்சம் வந்துவிட்டது. செப்டம்பரில் ஒரு வீட்டில் பாடை தயாராகி, மூன்று பேர் நிற்க, நாலாவது ஆள் இல்லாமல் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கடைசியில் எழுபத்தொரு வயது செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தூக்கினார். மூச்சு வாங்கி அவரே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று எல்லோருக்கும் பயம்.

சங்கத்துத் தலைவர் ரெங்கசாமி. பர்மிய மரியாதையும் சேர்த்து ஊ ரெங்கசாமி என்றுதான் எல்லோரும் அழைப்போம். அவர் பாமாவிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"பாமா, பசங்க வர்றேங்குறானுங்க. வீட்டுலதான் விட மாட்டேங்குறாங்க. கல்யாணமாகாத பையன் ஊரான் பொணத்தைத் தூக்கக் கூடாதாம். அம்மா அப்பா மனசு மாறணும். அதுக்கு ஒரு படம் பண்ணிக் குடு. ஒரு பையனாவது எங்கப்பா சொல்லித்தான் வந்தேன்னு சொல்லணும்."

அப்போது அதினில் இருந்த இளவட்டம் மொத்தம் ஐந்து பேர். நாலு பேர் கேமராவுக்கு முகம் கொடுக்கவில்லை. ஐந்தாவது ஆள் கணேஷ்குமார். வயது இருபத்தெட்டு. ஷ்வேப்யிதாவில் ஒரு சாயப்பட்டறையில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் இருப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வந்து அதின் வண்டியில் ஏறுவான். யார் வீட்டுச் சாவு என்று கேட்க மாட்டான். அவனுடைய அப்பா சொக்கன், என் பழைய நண்பர். துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கை எழுதுகிற குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆபீசிலிருந்து பத்து நிமிஷ நடையில் தனியாக இருக்கிறார்.

அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் என்ன என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூலை. ஊரே மூச்சுக்குத் திணறிய மாதம். சொக்கனும் அவர் மனைவி தனபாக்கியமும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். தனபாக்கியம் ஒரு விடியற்காலை போய்விட்டார். சொக்கனால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. வீட்டார் யாரும் மயானத்துக்குள் போகக் கூடாது என்று இருந்த நேரம். அதின் ஆட்கள் நாலு பேர் உடம்பெல்லாம் பிளாஸ்டிக் உடுப்போடு வந்து அம்மாவைக் கொண்டுபோனார்கள். ஒரே மகன் வரவில்லை. ஹாஸ்டலைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்று தகவல் வந்தது. சொக்கன் அன்று சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டு, "வராதவன் வராமலே இரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு மகன் வரத்தான் செய்தான். மாதம் ஒரு தடவை பழப்பையோடு வருவான். குழாய் ஒழுகுகிறதா, மீட்டர் பெட்டி சரியாக இருக்கிறதா என்று கேட்பான். அவர் பதில் சொல்வார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. நான் ஒரு தடவை அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

இந்தக் கணேஷ்குமாரைத்தான் பாமா அதின் வண்டிக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் பிடித்தாள். முதல் நாள் என்ன சாப்பிட்டாய் என்று வழக்கம்போலக் கேட்டிருக்கிறாள். அவன் பேச ஆரம்பித்து, என்னென்னவோ சொல்லியிருக்கிறான். நடுவில் ஓர் இடத்தில் ரொம்ப நேரம் சும்மா நின்றிருக்கிறான்.

படத்தை வெட்டிச் சேர்க்கும்போது அந்த இடத்தில் பாமாவுக்குச் சிக்கல் வந்தது. அவன் சொன்னது விளம்பரத்துக்கு ரொம்பக் கனம். அதோடு ரெங்கசாமி கேட்ட 'எங்கப்பா சொல்லித்தான் வந்தேன்' எங்கேயும் இல்லை. அவர் தினம் இரண்டு தடவை போன் போட்டு, "அந்த அப்பா வசனம் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாமா, அவன் பேச்சின் கடைசித் துண்டையும் அந்த மௌனத்தையும் சேர்த்து அளந்து பார்த்தாள். பதினோரு நொடி. அதற்கு ஒரு தமிழ் வசனம் எழுதினாள்.

"அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையில் கையை வைத்து, அம்மாவுக்குச் செய்ய முடியாததை ஊருக்குச் செய் என்று அனுப்பினார்."

அலமாரிக்குள் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்ததும் நான் கேட்டேன்.

"பாமா, அந்தப் பையன் இப்படியா சொன்னான்?"

"சொல்லலண்ணே. ஆனா நடக்க வேண்டியது இதுதானே. அவனுக்கு அனுப்பிக் காட்டுவேன். வேணாம்னா மாத்திடலாம்."

எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த வசனம் பிடித்துவிட்டது. சேமியாவையும் பீரோவையும் புகழ்ந்து அலுத்த வாய். 'மன்னிப்பு' என்ற இடத்தில் லேசாகத் தொண்டையைக் கரகரக்க விட்டேன். 'அம்மாவுக்கு' என்ற இடத்தில் ஓர் இழு இழுத்தேன். பாமா ஹெட்போனைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் அந்தத் துண்டை அனுப்பத்தான் செய்தாள். ஷ்வேப்யிதாவில் அந்த மூன்று நாளும் நெட் இல்லை. போன் போட்டால் மணி அடித்து அடித்து நின்றது. பட்டறையில் இரட்டை ஷிப்ட், போனை வாங்கி வைத்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் படம் காட்ட ஏற்பாடாகிவிட்டது. ரெங்கசாமி நாற்காலிகூடச் சொல்லிவிட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, பேசியவனுக்குக் காட்டாமல் ஒரு படத்தைப் பாமா வெளியே கொடுத்தாள்.

மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் சொக்கன். படம் எட்டு நிமிஷம். அந்த இடம் வந்தது. என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. முன் வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்துக்கொண்டார்கள். பலர் திரும்பிச் சொக்கனைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைத் தட்டி, "பெரிய மனசுண்ணே உங்களுக்கு" என்றார். சொக்கன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் சாப்பாட்டுப் பந்திக்கு வராமல் போய்விட்டார். ரெங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பதினொரு வீட்டில் பையன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை பாமா கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"சொக்கன் மாமா போன் பண்ணாருண்ணே. நாளைக்கு மத்தியானம் வர்றாராம். என்னவோ கேக்கணுமாம்."

"நல்லதுதானே. நன்றி சொல்ல வர்றார் போல."

"அவருக்கு அவன் மன்னிப்புக் கேக்கலன்னு தெரியும்லண்ணே. தான் அவன் தலையில கை வைக்கலன்னும் தெரியும். அப்புறம் என்னத்துக்கு வர்றாரு?"

நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்ததும் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும்.

"இப்ப என்ன கெட்டுப் போச்சு? பையன் இப்படி நடக்கணும்னு ஆசைப்பட்டு கேமரா முன்னால சொல்லிட்டான்னு அவர் நெனச்சுக்கட்டும். மனசு எளகும். ரெண்டு பேரும் பேசுவாங்க. பொய்யோ மெய்யோ, நல்லது நடந்தா சரி."

"பேசினா என்ன ஆவும்? இவரு போய், நீ அப்படிச் சொன்னியேடாம்பாரு. அவன் நான் சொல்லவே இல்லையேம்பான். மூணு வருஷம் பேசாதவங்க, அப்புறம் எந்த ஜென்மத்துல பேசுவாங்க?" பாமா மூக்கை உறிஞ்சினாள். "அரிசி நல்ல அரிசின்னு ஆயிரம் தடவ சொல்லியிருக்கேன். அது வேறண்ணே. இது அவன் வாயி."

அந்தக் கரகரப்பை நினைத்தபோது எனக்கே என் தொண்டை மேல் வெறுப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்குக் கரண்ட் இருந்தது. பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் பாமா கீழ்வாசல் சாவியைக் கட்டி இறக்கினாள். சொக்கன் நாலு மாடியும் ஏறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று, மேலே வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பாமா கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"முரளி, நல்லாப் பேசியிருந்தே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

பிறகு பாமாவிடம் திரும்பினார். "எனக்கு ஒண்ணு வேணும்மா. மேல முரளி பேசுறான். அடியில எம்பையன் குரல் லேசாக் கேட்டுச்சு. எனக்குக் காது அவ்வளவு பத்தல. முரளியை எடுத்துட்டு அவனை மட்டும் போட முடியுமா?"

பாமா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"போடுறேன் மாமா. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். படத்துல வந்தது அவன் சொன்னதில்ல. நான் எழுதினது. மன்னிப்புக் கேட்டேன்னும் சொல்லல, நீங்க அனுப்பினீங்கன்னும் சொல்லல. அவனுக்குக் காட்டாமலே போட்டுட்டேன். தப்பு என்னோடது. ஊ ரெங்கசாமிகிட்டயும் சொல்லி எடுத்துடுறேன். பேர் குடுத்த வீட்டுக்காரங்ககிட்டயும் நானே சொல்லிடுறேன்."

சொன்னபடியே அவள் பிறகு செய்தாள். ரெங்கசாமி ஒரு மணி நேரம் கத்தினார். பதினொரு வீட்டில் நாலு வீட்டுக்காரர்கள் பையன் பெயரை அடித்துவிட்டார்கள். இப்போது அதினின் பேஸ்புக் பக்கத்தில் இருக்கும் படத்தில் அந்த இடத்தில் என் குரல் கிடையாது. பையன் தன் பர்மியத்தில் பேசுகிறான், தமிழ் எழுத்து கீழே ஓடுகிறது, அவன் சும்மா நிற்கிற நேரமும் அப்படியே இருக்கிறது. அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குச் சொக்கன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அது கெடக்கட்டும். நீ போடு" என்றார்.

பாமா கம்ப்யூட்டரில் என் குரல் ஓடும் தடத்தை அடைத்துவிட்டு அவன் தடத்தை மேலே ஏற்றினாள். சொக்கன் தலையில் ஹெட்போன் மாட்ட மறுத்துவிட்டார். ஸ்பீக்கரிலேயே போட்டாள். கணேஷ்குமார் வெள்ளை வண்டிக்கு முன்னால் நின்று பர்மியத்தில் பேசினான். எனக்கும் அதுதான் முதல் தடவை, முழுசாகக் கேட்பது. அவன் சொன்னது இவ்வளவுதான்.

"அம்மாவை முன்பின் தெரியாத நாலு பேர் தூக்கினார்கள். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது. நான் எங்கே இருந்தேன் என்று அப்பா கேட்டால் சொல்வேன்."

பிறகு அந்த மௌனம். அவன் கீழே பார்த்தான். வண்டிக் கதவின் பிடியைத் தடவினான். ஆறேழு நொடி இருக்கும், எனக்கு ரொம்ப நேரமாகத் தெரிந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, "அப்பா கேட்டதில்லை" என்றான். அந்த மௌனத்தின் மேல்தான் நான் ஓர் இழு இழுத்திருந்தேன்.

சொக்கன் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டாள். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

"நான் கேட்கலதான்" என்றார். "வரலன்னு தெரிஞ்சுது. அதுக்கு மேல என்ன கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது. பட்டறையில் பன்னிரண்டரை வரை சாப்பாட்டு நேரம். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பாமாவிடம் நீட்டினார். அவள் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து, மேஜை மேல் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து வெளியே போகப் பார்த்தோம். "இருங்க" என்றார். தனியாக இருக்கப் பயம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது மணியில் எடுத்துவிட்டான். அப்பா எண்ணைப் பார்த்துப் பதறியிருப்பான்.

"அப்பா? உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு." சொக்கன் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கணேசு, அன்னைக்கு நீ எங்கடா இருந்தே?"

அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு சத்தம் தள்ளிப் போனது. அவன் எழுந்து வெளியே நடந்திருக்க வேண்டும்.

"யாரு சொன்னா உங்ககிட்ட?"

"யாரும் சொல்லல. நான் கேக்குறேன்."

அவன் பர்மியத்தில் ஆரம்பித்தான். நாலு வார்த்தை பேசிவிட்டு நிறுத்தினான். பிறகு தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னான்.

"ஹாஸ்டல் கேட்டு பூட்டு. பின்னால வேலி இருக்கு அப்பா, அதுல வந்தேன். பஸ் இல்ல. நடந்தேன். மயானத்து ரோடுக்கு வந்துட்டேன். உள்ள விடல. எதுத்தாப்ல தண்ணிப் பானை வச்சிருக்கும்ல, அங்க நின்னேன்." மூச்சு விட்டான். "வண்டி வந்துக்கிட்டே இருந்துச்சு. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை. எதுல அம்மான்னு தெரியல. அதனால வர்ற வண்டிக்கெல்லாம் கும்பிட்டேன்."

பாமா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"இதை ஏன்டா சொல்லல?" சொக்கனின் குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

"என்னத்தச் சொல்றது அப்பா. தூக்கலையே."

"எத்தன மணிக்கு நின்னே?"

"ஒம்போதரைக்கு வந்தேன். ரெண்டு மணி வரைக்கும் நின்னேன்."

சொக்கன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நாளை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். உதடு மட்டும் அசைந்தது. பிறகு போனுக்கு ரொம்பப் பக்கத்தில் குனிந்தார்.

"பதினொண்ணே காலுக்கு அதின் டிரைவர் எனக்குப் போன் போட்டான்டா. இப்பதான் மயானத்து ரோட்டுல திரும்புறோம், அம்மாகிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, போனைப் பக்கத்துல வைக்கிறேன்னான். எனக்கு இருமல்ல பேச்சே வரல. ஒண்ணும் சொல்லாம வச்சுட்டேன்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ அங்கதான் நின்னுருக்கே. நான் சொல்லாதத நீ கும்பிட்டு அனுப்பியிருக்கேடா."

பட்டறையில் மணி அடித்தது எங்களுக்கும் கேட்டது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. அவன் போனை வைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை.